கால்மர் ஒன்றியமும் ஓர் உயிலும்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வெளியான கால்மர் ஒன்றியம் பற்றிய கட்டுரை, 1397-இல் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளும் ஒரே முடியின்கீழ் இணைந்ததற்கு டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட அரசி மார்கரெட்டின் திறமையையே முழுக் காரணமாகக் காட்டுகிறது. அந்தத் திறமைக்குக் களம் அமைத்துத் தந்தது சுவீடனின் பிரபு பூ யோன்சன் கிரிப் எழுதிய உயில். சுவீடன் மன்னர் ஆல்பிரெக்ட் பட்ட கடனுக்கு ஈடாகக் கோட்டைகளையும் அவற்றைச் சார்ந்த மாவட்டங்களையும் பெற்றவர் அவர்; பின்லாந்து முழுவதும் அவர் கையில் இருந்தது. 1384-இல் எழுதிய உயிலில் இவற்றின் பொறுப்பை மனைவி மார்கரேத்தா தூமேயிடம் விடாமல், சக பிரபுக்களிடம் ஒப்படைத்தார். 1386-இல் அவர் இறந்ததும் மனைவி மன்னரின் துணையை நாட, உயில் நிறைவேற்றுநர்களான அந்தப் பிரபுக்களோ அரசி மார்கரெட்டை அழைத்தனர். 1388-இல் சுவீடனின் தாலபோரி கோட்டையில் கூடி, தம் வசமிருந்த கோட்டைகளை அரசிக்குத் தர உடன்பட்டனர். மறு ஆண்டே மன்னர் ஆல்பிரெக்ட் அரசியின் படையுடன் நடந்த போரில் சிறைப்பட்டார். இந்தக் குடும்பத் தகராறைத் தவிர்த்துவிட்டு ஒன்றியத்தின் பிறப்பை விளக்க இயலாது.

மூல ஆவணங்களைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கிரிப்' என்பது அவரது கேடயச் சின்னத்தைக் கொண்டு பிற்காலத்தார் இட்ட பெயர். அவர் காலத்துப் பத்திரங்களில் 'பூ யோன்சன்' என்றே தேட வேண்டும். தொடரின் அடுத்த பகுதியில் அவரது வம்சாவளியையும், அவர் வசமிருந்த கோட்டைகளைக் குறித்த வரைபடத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

— வரலாற்று ஆசிரியர் ஒருவர், மதுரை