பாதி ஆண், பாதிப் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பெண் துப்பறிவாளர் நாவல்கள் பற்றிப் பேராசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 'துப்பாக்கியைக் கையில் எடுத்ததுமே அவள் பாதி ஆணாகிவிடுகிறாள்' என்ற வரி இரண்டு தடவையும் சுருக்கென்றது.

அமெரிக்க விமர்சகர் கேத்லீன் கிரிகோரி கிளைன் 1988-இல் எழுதியதைத்தான் அவர் ஒப்பிக்கிறார். இந்த வகைக் கதையே ஆணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதில் நுழைகிறவள் ஒன்று துப்பறிவாளராகத் தோற்பாள், இல்லை பெண்ணாகத் தோற்பாள் என்பது அந்த அம்மாவின் வாதம். சரி, இருக்கட்டும். ஹாமெட், சாண்ட்லர் என்ற அமெரிக்க எழுத்தாளர்களின் முரட்டுத் துப்பறிவாளர் பாணியைப் பெண்கள் உள்ளேயிருந்தே மாற்றி எழுதினார்கள் என்று வால்டன், ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் ஒரு முழுப் புத்தகமே போட்டார்களே, அதற்கு ஒரு வரி கிடையாதா? எம்.ஏ. படிக்கும் என் அண்ணன் மகளுக்கே தெரிந்தது, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் தர்மபுரியில் ஒரு சீட்டுக் கம்பெனிக்கு இருபத்திரண்டு வருடம் வசூலுக்குப் போனவள். சீட்டை எடுத்துவிட்டு ஊரைவிட்டே ஓடியவர்களைத் தேடுவதும் என் தலையில்தான். பென்னாகரம் பக்கத்து ஆள் ஒருவர் எட்டு மாதமாகத் தட்டுப்படவில்லை. 'எங்க இருந்தாலும் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் வந்து எண்ணெய் தேய்ச்சுக்குவான்' என்று அவருடைய அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் இடத்தில் நான் போய் நிற்க முடியுமா? மீன் வறுக்கும் கடை ஓரமாகக் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். பதினோரு மணிக்கு மனிதர் எண்ணெய் சொட்டச் சொட்டத் துண்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் ஓடினார், பாறையில் வழுக்கி உட்கார்ந்தார். அடுத்த வாரம் பணம் வந்தது. கம்பெனி நோட்டில் ஏறிய பெயர் அன்றைக்கு லீவில் இருந்த ஓர் ஆண் ஊழியருடையது. 'பொம்பள புடிச்சான்னு தெரிஞ்சா மத்தவன் பயப்பட மாட்டாம்மா' என்றார் மேனேஜர். துப்பாக்கி இல்லாமலே முழு ஆணாகிவிட்டேன்!

அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டனின் துப்பறிவாளர் கின்சி, நகம் வெட்டும் கத்தரியால் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள். இருக்கும் ஒரே கறுப்பு கவுனை எல்லா விசேஷத்துக்கும் மாட்டிக்கொண்டு போகிறாள். இதில் ஆண் எங்கே வந்தான்? நானும் ஒரே பட்டுப்புடவையில் ஒன்பது கல்யாணம் பார்த்தவள்தான்.

நம்மூர் பாக்கெட் நாவல் பக்கம் பேராசிரியர் எட்டியே பார்க்கவில்லை. பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் கதைகளில் பரத்தோடு சரிக்குச் சரியாக அலைந்தவள் சுசீலா. ஊரே பேசியது அவள் டி-ஷர்ட் வாசகத்தை. நீங்கள் மட்டும் என்ன? உங்கள் ஆண்டு மலர்த் துப்பறியும் கதையில் பெண் போலீஸ் செய்த ஒரே காரியம் டீ வாங்கி வந்தது. அதைக் கேட்டு நான் எழுதிய கடிதத்தில் 'கதை விறுவிறுப்பு' என்ற நான்காவது வரியை மட்டும் போட்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். நல்லது.

நான் கேட்பது சின்ன விஷயம். கட்டுரையில் எல்லாமே 1982-இல் சாரா பாரெட்ஸ்கி என்ற எழுத்தாளரோடும் கிராஃப்டனோடும் தொடங்கியதாக இருக்கிறது. மார்சியா முல்லர் எழுதிய பெண் துப்பறிவாளர் ஷாரன் மெக்கோன் 1977-லேயே வந்துவிட்டாள். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், இந்தக் கடிதத்தைப் போட்டால் என் பெயருக்கு முன்னால் 'திரு' வேண்டாம். போன தடவை அப்படித்தான் வந்தது.

ச. ம.,
பாப்பாரப்பட்டி, தர்மபுரி மாவட்டம்.