கல்லூரிக் கால்பந்து மைதானத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் நம் கல்லூரியின் கால்பந்து மைதானத் திருப்பணி நல்லபடியாக நிறைவேறியது. ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் நீங்கள் சொன்னபடி, புரட்டாசிக் கடைசியிலேயே புதுப் புல்லில் முதல் ஆட்டம் நடந்துவிட்டது. பணம் தந்தவர்களுக்கும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்து விசாரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கும், வெயிலில் வந்து நின்றவர்களுக்கும் குழுவின் நன்றி. ஐந்தொகை தனித்தாளில் இணைத்திருக்கிறது. பணம் எங்கே போயிற்று, அதனால் இந்த சீசனில் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுதுகிறோம்.

கொடுத்த பணத்துக்குக் கண்ணில் படும்படியாக ஒன்றும் காணோமே என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முகப்பில் வளைவு கட்டவில்லை, கேலரி கட்டவில்லை, பெயர்ப் பலகையும் வைக்கவில்லை. முக்கால்வாசிச் செலவு தரைக்குக் கீழே இருக்கிறது. குழு யோசித்து எடுத்த முடிவு அது. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வோம்.

போன சீசனை நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையும் கல்லூரிப் போட்டிகளும் ஒரே சமயத்தில் வருகின்றன. ஒரு மழை பெய்தால் வடக்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்கும். நடுவர் வந்து பார்த்துவிட்டு ஆட்டம் இல்லை என்பார். நம் ஊரில் ஆட வேண்டிய ஆட்டங்களைத் தேவகோட்டைக்கும் சிவகங்கைக்கும் பஸ் ஏறிப் போய் ஆடினோம். மழை இல்லாத நாளில் வேறு கஷ்டம். செம்மண் சரளையில் விழுந்து முழங்கால் உரியாத பையன் அணியில் ஒருவன்கூட இல்லை.

பழைய மைதானம் கிழக்கு மேற்காக இருந்தது. சாயங்கால ஆட்டத்தில் கிழக்குக் கோலைக் காக்கிற பையனுக்குச் சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். தூக்கி அடித்த பந்து கண்ணுக்கே தெரியாது. அதனால் ஆடுகளத்தை வடக்கு தெற்காகத் திருப்பினோம். 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம். சர்வதேச ஆட்டத்துக்கு விதி கேட்கிற குறைந்த அளவு இதுதான், நம் இடத்துக்கு இதற்கு மேல் வராது. திருப்பியதில் வடகிழக்கு மூலை வேப்பமரத்தின் நிழலில் போய் நின்றது. நிழலில் அருகம்புல் வளராது. மரத்தை வெட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று ஆடுகளத்தையே தெற்கே தள்ளி அளந்தோம். மரம் இருக்கிறது, இப்போது மாற்று ஆட்டக்காரர்கள் உட்காருவது அதன் அடியில்தான்.

கோல்கம்பங்களை அளந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இரண்டு கம்பத்துக்கு இடையே 7.32 மீட்டர், தரையிலிருந்து குறுக்குக் கம்பிக்கு 2.44 மீட்டர் என்பது விதி. வருஷா வருஷம் மண் கொட்டிக் கொட்டித் தரை உயர்ந்து, நம் கோல் குள்ளமாகிப் போயிருந்தது. அந்தக் கோலில் பழகியவன் வெளியூர் போனால் தலைக்கு மேலே வருகிற பந்தை எப்படிக் கணிப்பான்? பழைய கம்பங்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக நட்டோம்.

இனி தரைக்கு வருவோம். முதலில் சீமைக் கருவேலை வேரோடு எடுத்தாகிவிட்டது. மேல் மண்ணைச் சலித்துச் சரளையைப் பிரித்தோம். நடுக்களம் பக்கக் கோடுகளைவிட ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கும்படி மட்டம் பிடித்தோம்; ஆடுகிறவன் கண்ணுக்குச் சமதளம், தண்ணீருக்கு மட்டும் அது சரிவு. அடியில் மீன்முள் போலக் கிளை பிரிகிற துளைக் குழாய்கள், அதைச் சுற்றி ஜல்லி, மேலே மணல். குழாய்களெல்லாம் ஒரு கால்வாயில் சேர்ந்து ஊருணிக்குப் போகின்றன. செட்டிநாட்டு ஊர்களை அமைத்த நம் முன்னோர் வீட்டுக் கூரையில் விழுகிற மழையை வீதி வழியாக ஊருணிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தூர்ந்து கிடந்த வரத்துக்காலைத் தோண்டி மைதானத்தை அதோடு சேர்த்தோம், அவ்வளவுதான். இந்த மழையில் ஊருணிக்கும் தண்ணீர் வந்தது.

மணல் விஷயத்தில் ஒரு தகராறு நடந்தது, உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வந்து இறங்கிய ஒரு லோடு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மைதானம் பார்க்கும் அண்ணன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் பாதித் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கித் திண்ணையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மணல் அடியில் படிந்தது. அதற்கு மேல் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல் தனியாக நின்றது. அந்த வண்டல் உள்ளே போயிருந்தால் இரண்டு மழையில் குழாயின் துளை எல்லாம் அடைத்திருக்கும். லோடை அப்படியே திருப்பி அனுப்பினோம். சப்ளை செய்தவர் கோபித்துக்கொண்டார், வேலையும் தள்ளிப்போனது. ஆனாலும் அதன் பிறகு வந்த ஒவ்வொரு லோடுக்கும் பாட்டில் சோதனை நடந்தது.

புல்லுக்கு வெளியூர்க் கலப்பின ரகம் வாங்கலாம் என்று விலை கேட்டோம். தேவைப்படவில்லை. வெப்ப நாடுகளின் கால்பந்து மைதானங்களில் பெர்முடா என்று போடுகிற புல்லும், பிள்ளையாருக்கு நாம் சாத்துகிற அருகும் ஒரே இனம்தான். வாய்க்கால் ஓரத்து அருகின் ஓடுதண்டுகளைக் கொண்டுவந்து ஆடியில் நட்டோம். நட்டதைவிடப் பெரிய வேலை கோரைக் களையை எடுத்தது. மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும். பக்கத்துக் கிராமத்து அம்மாமார்கள் களைக்கொத்தியோடு வரிசையாக உட்கார்ந்து, கிழங்கு கிழங்காகத் தோண்டி எடுத்தார்கள். அவர்கள் கூலியில் குழு ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசவில்லை.

இந்த சீசனில் ஐப்பசியில் நடந்த காலிறுதியைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தின இரவு விடிய விடிய மழை. மத்தியானம் நடுவர் வந்து, பந்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கி இரண்டு கோல் முனையிலும், நடுவிலும், பழைய வடக்குப் பக்கத்திலும் போட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் பந்து எழும்பியது. ஆட்டம் நடந்தது. நம் பிள்ளைகள் 2–1 என்று ஜெயித்தார்கள்.

ஜெயித்ததைவிட அவர்கள் ஆடிய விதம்தான் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். சரளைத் தரையில் பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கிடைத்ததைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதே நம் அணியின் ஆட்டமாக இருந்தது. புல்லில் பழகிய இந்தக் கொஞ்ச காலத்துக்குள் தரையோடு சின்னச் சின்னப் பாஸ் கொடுத்துப் பந்தைக் கையில் வைத்திருப்பது போல வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கோல் அப்படி வந்ததுதான். கோல்கீப்பர் இரண்டு பக்கமும் பயமில்லாமல் பாய்கிறான். அரையிறுதியில் பெனால்டியில் தோற்றோம். அதில் வருத்தம் உண்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. மாணவிகள் அணியும் இப்போது காலையில் பயிற்சிக்கு வருகிறது. முன்னே அவர்களுக்கென்று ஒரு மூலைகூட இல்லை.

300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வரவழைத்த வள்ளல் அழகப்பர் வாழ்ந்த ஊர் இது. அந்த ஊரில் ஒரு மைதானத்துக்குக் கேட்டபோது யாரும் இல்லை என்று சொல்லவில்லை. கொடுத்தவர் பெயர்கள் எல்லாம் பேரேட்டில் வரிசையாக இருக்கின்றன.

இன்னும் பாக்கி உள்ளவை: ஆடு மாடு நுழையாமல் மேற்குப் பக்க வேலி, கோடையில் தண்ணீர் பாய்ச்ச இரண்டாவது மோட்டார். இந்த இரண்டுக்கும் கைவசம் உள்ள மிச்சம் போதாது. புல்லை வெட்டாமல் ஒரு மாதம் விட்டாலும் செய்த வேலை வீண், ஆகவே பராமரிப்புக்கு வருஷ மகமை வைப்பது பற்றி அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்ய வேண்டும். பேரேடும் ரசீதுகளும் உடற்கல்வித் துறை அறையில் இருக்கின்றன. வேலை நாட்களில் உறுப்பினர் யாரும் வந்து பார்க்கலாம். மைதானத்தைப் பார்க்க வருகிறவர்கள், மழை பெய்த மறுநாள் மட்டும் பக்கக் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மைதானத் திருப்பணிக் குழுவினர்,
காரைக்குடி