ஒரு வரி அர்த்தம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு, எதிரே ஒரு வரியில் அர்த்தம் கொடுக்கிறீர்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் அந்த ஒரு வரி போதவே போதாது. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்விலும் வங்கித் தேர்வுகளிலும் கேட்கிறார்கள் என்று மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பிள்ளைகள் கைடில் இருக்கிற அத்தனை தொடரையும் அப்படியே உருப்போடுகிறார்கள், தேர்வு முடிந்த கையோடு எல்லாம் மறந்துபோகிறது.

‘கிக் த பக்கெட்’ என்றால் இறந்துபோவது என்று போட்டிருக்கும். சரிதான், ஆனால் அது நம்ம ஊரில் ‘மண்டையைப் போட்டுட்டான்’ என்கிற மாதிரிப் பேச்சு. அதைச் சொல்லாமல் விட்டால், மேலதிகாரியின் அப்பா காலமானதற்கு அனுப்புகிற இரங்கல் கடிதத்தில் ஒரு பிள்ளை அதையே எழுதி வைக்கும். அங்கே ‘பாஸ்ட் அவே’ என்றுதான் எழுத வேண்டும். துக்க வீட்டில் எதைப் பேசக்கூடாது என்று தமிழில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

‘மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்’ என்பதற்கு ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று கைடுகளில் போட்டுவிடுகிறார்கள். கூடவே இரண்டு வரி சேர்த்தால் என்ன? ‘ஹே’ நம் வைக்கோல் இல்லை, குளிர்காலத் தீவனத்துக்காக வெட்டிக் காயவைக்கிற புல். வெயில் அடிக்கும்போதே அதைக் காயவைத்துவிடு என்பதுதான் தொடரின் நேர்ப்பொருள், காய்வதற்குள் மழை விழுந்தால் பூஞ்சை பிடித்துவிடும். சம்பா அறுவடையில் மழை பிடித்துக்கொண்டு, வயலிலேயே கறுத்துப்போன வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கியதைப் பார்த்த டெல்டா பிள்ளைக்கு இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்காது. இன்னொன்று, அறுவடை இயந்திரம் வந்த பிறகு களத்தில் நெல் தூற்றுவதையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் நிறைய. ஆனாலும் அந்தப் பழமொழியை எங்கே சொல்வது என்று அவர்களுக்குத் தெரிகிறது, ஏனென்றால் பாட்டியும் அத்தையும் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத் தொடரும் அப்படி யாரோ யாரிடமோ சொல்கிற பேச்சாகக் காதில் விழுந்தால்தான் மனதில் ஒட்டும்.

கதை இருந்தால் கதையையும் போடுங்கள். 1709இல் லண்டனில் ஜான் டென்னிஸ் என்பவர் தன் நாடகத்துக்காக இடிச்சத்தம் எழுப்பப் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தார். நாடகம் ஓடவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அதே அரங்கில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் நடந்தபோது அவருடைய இடி கேட்டதாம், என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று மனிதர் கொதித்துப்போனாராம். ஒருவருக்கு வர வேண்டிய பேரை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவதை ‘ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்’ என்று சொல்வது இப்படி வந்ததுதான். இதைப் படித்த பிள்ளை மறக்குமா?

அதனால் பட்டியலை எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு மூன்று தொடர் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி நாலு வரி, யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று ஒரு குறிப்பு, பொருத்தமாக இருந்தால் நம் தமிழ்த் தொடர் ஒன்று. வருகிற கல்வியாண்டிலிருந்தாவது இப்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், மன்னார்குடி