குஃபோரின் பெயரைச் சொல்லுங்கள்: கால்பந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பியக் கால்பந்தைத் தமிழில் தொகுத்து வழங்கும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கும், வர்ணனையாளர்களுக்கும், விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நெருங்கும்போதெல்லாம் நீங்கள் தவறாமல் எடுத்துப்போடும் ஒரு பழைய காட்சியைப் பற்றியது இந்த மடல். எந்தக் காட்சி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1999 மே 26, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம், அந்த ஆண்டின் இறுதியாட்டம், இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டின் இரண்டாவது கோல் விழுந்த மறுகணம், எதிரணியான ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் வீரர் ஒருவர் தரையை முஷ்டியால் மாறி மாறிக் குத்தி அழும் காட்சி. அண்மையில் ஒரு முன்னோட்ட நிகழ்ச்சியில் அது மீண்டும் வந்தது. இந்த முறை அதன்மேல் நகைச்சுவை இசையைச் சேர்த்திருந்தார்கள். திரையின் அடியில் ‘பேயர்ன் வீரர்’ என்று இருந்ததே தவிர, அவர் பெயர் இல்லை. அரங்கில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்கள். பல ஆண்டுகளாக மனத்துக்குள் பொறுத்துக்கொண்டிருந்ததை அந்தச் சிரிப்புக்குப் பிறகு பொறுக்க முடியவில்லை.

அவர் பெயர் சாமுவேல் ஓசெய் குஃபோர். கானாவின் குமாசி நகரத்துக்காரர். அன்று அவருக்கு வயது 22.

அந்த இரவில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆறாவது நிமிடத்தில் பாஸ்லர் அடித்த ஃப்ரீ கிக்கால் பேயர்ன் முன்னிலை பெற்றது. அதன்பின் 90 நிமிடம் முடியும்வரை குஃபோரும் லிங்கேயும் மத்தேயுஸும் அங்கம் வகித்த தடுப்பு வரிசை அந்த முன்னிலையைக் கட்டிக்காத்தது. பேயர்னின் ஒரு பந்து கம்பத்திலும் இன்னொன்று குறுக்குக் கட்டையிலும் பட்டுத் திரும்பின. கூடுதலாகத் தரப்பட்ட மூன்று நிமிடங்களுக்குள் இரண்டு கார்னர்கள், இரண்டு கோல்கள். யுனைடெட்டின் ஷெரிங்கம் சமன் செய்தார், சோல்ஸ்கியார் முடித்துவைத்தார். ஆட்டத்தை மறுபடி தொடங்கியாக வேண்டுமே என்பதற்காக நடுவர் கொலீனாவே குனிந்து, விழுந்து கிடந்த பேயர்ன் வீரர்களைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. பல வீரர்கள் கைகால் ஓடாமல் மல்லாந்து கிடந்தபோது, தோல்வியை ஏற்க மறுத்துத் தரையோடு போராடிக்கொண்டிருந்தவர் குஃபோர். உழைத்த உழைப்பெல்லாம் கண்முன்னே பறிபோன ஒரு மனிதனின் அழுகை அது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்தக் காட்சியைக் காட்டவே கூடாது என்று நான் கேட்கவில்லை. அது கால்பந்து வரலாற்றின் ஒரு பகுதி. காட்டும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள், அதோடு டோக்கியோவையும் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

டோக்கியோவில் நடந்ததும் நீங்கள் அறிந்ததே. 2001 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவின் சாம்பியனும் தென்னமெரிக்காவின் சாம்பியனும் மோதிய இன்டர்கான்டினென்டல் கோப்பையில், அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் அணிக்கு எதிரான பேயர்னின் ஆட்டம் கோலின்றிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. 109ஆவது நிமிடத்தில் கோல்முகத்து நெரிசலுக்குள் புகுந்து பந்தை வலைக்குள் தள்ளியவர் ஒரு தடுப்பாட்டக்காரர், இதே குஃபோர். அந்த ஒரே கோலால் பேயர்ன் உலகக் கிளப் சாம்பியன் ஆனது. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே கிடைத்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு, மே 23 அன்று, மிலானின் சான் சிரோ மைதானத்தில் ஸ்பெயினின் வலென்சியாவுக்கு எதிராக 120 நிமிடமும் களத்தில் நின்று, பெனால்ட்டியில் வென்ற சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கையில் ஏந்தியிருந்தார். கேம்ப் நூவில் பறிபோனதை இரண்டே ஆண்டுகளில் மீட்டவரின் கதையில், பறிபோன நொடியை மட்டும் வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்பக் காட்டுவது எந்த வகையில் நியாயம்?

அதே பார்சிலோனா நகரில் 1992 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கானா அணியிலும் அவர் இருந்தார். ஆப்பிரிக்கா ஒலிம்பிக் கால்பந்தில் பெற்ற முதல் பதக்கம் அது. அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், இத்தாலியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைக் கானா வென்றபோதும் அணியில் இருந்தவர். அதற்குப் பின் இத்தாலியின் டொரினோ கிளப்பின் இளையோர் அணி, 1993இல் பேயர்ன் மியூனிக். 18 வயது நிறையாத வீரர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு ஃபிஃபா இன்று பொதுவாகத் தடை விதித்திருக்கிறது. அந்தக் காப்பு வருவதற்கு முன்பே, பள்ளிப் பருவத்தில், மொழி தெரியாத ஊர்களுக்கு அனுப்பப்பட்ட பையன் அவர். அப்படிப் போன எத்தனையோ ஆப்பிரிக்கப் பையன்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து காணாமல் போனார்கள். குஃபோர் நின்றார். ஓராண்டு இன்னொரு ஜெர்மன் கிளப்பான நியூரம்பெர்க்குக்குக் கடனாகப் போய்த் திரும்பி வந்து, கான், எஃபன்பெர்க் போன்றவர்கள் இருந்த அணியில் தன் இடத்தைப் பிடித்து, 2005இல் இத்தாலியின் ரோமா கிளப்புக்குப் போகும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. 2001இல் பிபிசியின் சிறந்த ஆப்பிரிக்க வீரர் விருதும் அவரைத் தேடி வந்தது.

2003இல் தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்த தகப்பன் அவர். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. ஒரு மனிதரின் கண்ணீருக்கு இசை சேர்ப்பதற்கு முன் அவரைப் பற்றிச் சில நிமிடங்களாவது படித்திருக்க வேண்டும் என்பதற்காகவே குறிப்பிட்டேன்.

தடுப்பாட்டக்காரர்களை நீங்கள் நடத்தும் விதமே பொதுவில் இப்படித்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்கள வீரர் பத்து வாய்ப்பை வீணடித்துவிட்டு ஒன்றை அடித்தால் அந்த ஒன்றைக் காட்டுகிறீர்கள். தடுப்பாட்டக்காரர் பத்தைத் தடுத்து ஒன்றைத் தவறவிட்டால், அங்கும் அந்த ஒன்றைத்தான் காட்டுகிறீர்கள். 2006இல் கானா முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியபோது, இத்தாலிக்கு எதிராக குஃபோர் பின்னால் தட்டிய பந்து வலுவில்லாமல் போய், இயாகுவிண்டா கோல் அடித்ததையும் நீங்கள் மறக்கவிடுவதில்லை. விருதுகளிலும் இதே கதை. ஆப்பிரிக்காவின் ஆண்டுச் சிறந்த வீரர் விருது 1973இல் ஸயீரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) தடுப்பாட்டக்காரர் புவாங்கா சிமெனுக்குக் கிடைத்தது. அதன்பின் இன்னொரு தடுப்பாட்டக்காரருக்கு, மொராக்கோவின் அஷ்ரஃப் ஹக்கீமிக்கு, 2025இல்தான் அது கிடைத்தது. 2001இல் பிபிசி விருதை வென்ற குஃபோரும் இந்த விருதில் இரண்டாம் இடத்தோடு நிற்க வேண்டியிருந்தது.

வர்ணனையில் புழங்கும் சொற்களையும் சற்றே கவனியுங்கள். ஐரோப்பியத் தடுப்பாட்டக்காரர் பந்தை இடைமறித்தால் ‘ஆட்டத்தை முன்கூட்டியே கணித்துவிட்டார்’ என்கிறீர்கள். அதையே ஆப்பிரிக்கர் செய்தால் ‘என்ன உடல்வலு, என்ன வேகம்’ என்கிறீர்கள். உடல்வலுவை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மனிதனும் பேயர்னின் தடுப்பு வரிசையில் அத்தனை ஆண்டுகள் நிற்க முடியாது. அவருக்கு மூளையும் இருந்தது என்று சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்?

கோபத்தில் சற்றுத் தூரம் போய்விட்டேன். உங்கள் பணியின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. நள்ளிரவு தாண்டி நடக்கும் ஆட்டங்களைத் தமிழில் கேட்கும் வாய்ப்பை எங்களுக்குத் தந்திருப்பவர்கள் நீங்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். அடுத்த முன்னோட்டத்தில் கேம்ப் நூ காட்சியைச் சேர்ப்பதாக இருந்தால், இசையை எடுத்துவிடுங்கள். ‘சாமுவேல் குஃபோர், கானா’ என்று திரையில் எழுதுங்கள். அதை அடுத்துச் சில வினாடிகள் டோக்கியோ கோலைக் காட்டுங்கள். நேரம் இல்லையென்றால், இரண்டையுமே விட்டுவிடுங்கள். ஆசிரியர்கள் தங்கள் பக்கங்களில் இந்த மே மாதமாவது அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர் ஒருவர்