யாளியின் வாயில் இருக்கும் வெளிச்சம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மற்ற சேதிகளை அம்மா சொல்லுவாள்.

நீ அனுப்பிய யாளி வாட்டர்கலர் படத்தைப் பார்த்தேன். "சரியா வரலப்பா, கிழிச்சிடப் போறேன்" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. படம் வந்தபோது இங்கே காலை எட்டரை. அங்கே கிளாஸ்கோவில் ராத்திரி 3 மணி. ஏன் அந்த நேரத்தில் விழித்திருந்தாய் என்று கேட்கப் போவதில்லை. அறையில் மஞ்சள் பல்பு போட்டிருக்கிறாய் என்பது மட்டும் படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் வெளிர்மஞ்சள் தாளோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. போதவில்லை என்று நினைத்து மேலே மேலே போடுவாய். நீலமோ இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். வாட்டர்கலரைப் பகலில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போடு. ராத்திரி வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். அதையே இருட்டில் எரியும் ஒளியாக்கி, யாளியைக் குளத்துப் படிக்கட்டில் இறங்க விட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தோன்றியிருக்கிறது. அம்மா அதைப் பெரிதாக்கி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். கற்பனையில் குறையே இல்லை, கண்ணு. குறை வரிசையில்தான். வெளிச்சம் எங்கே என்று முடிவு செய்யாமலே பிரஷ்ஷை நனைத்துவிட்டாய்.

வாட்டர்கலரில் வெளிச்சம் என்பது வெறும் தாள்தான். எண்ணெய் வண்ணத்தில் கடைசியில் வெள்ளையை வைத்துக்கொள்ளலாம். இங்கே முதல் நாளே ஒதுக்கி வைத்தால்தான் உண்டு. அதனால் பெரிய தாளைத் தொடுவதற்கு முன் 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் அளவில் நாலைந்து குட்டிப் படம் போடு. பென்சிலால் மூன்றே தொனி: வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு. மூக்கு, பிடரி எதுவும் வேண்டாம். கடும் இருட்டு எந்த இடத்தில் வெறும் தாளைத் தொடுகிறதோ, பார்க்கிறவர் கண் அங்கேதான் முதலில் போகும். அது யாளியின் வாயாக இருக்கிற குட்டிப் படத்தை எடுத்துக்கொள். நீ போட்டிருப்பதில் அந்த இடம் படிக்கட்டின் மூலையில் விழுந்திருக்கிறது.

யாளியிலும் ஒரு முடிவு பாக்கி. யானைத் துதிக்கையும் வைத்திருக்கிறாய், வாயில் உருண்டையும் வைத்திருக்கிறாய். துதிக்கை கண்களுக்கு நடுவிலிருந்து இறங்கி வாயை மறைக்கும், உருண்டை பாதிதான் தெரியும். சிங்க முக யாளியாக வைத்துக்கொள், வாய் திறந்திருக்கும். இல்லாத மிருகத்தை நம்பவைப்பது இருக்கிற மிருகங்களின் எலும்புதான். படியில் இறங்கும் சிங்கத்துக்கு எடை முன்னங்காலில் விழும், தோள்பட்டை முதுகுக்கோட்டுக்கு மேலே எழும்பும், தலை தாழும். இறங்கும் பூனையைப் பார்த்து நாலு கோடு போட்டாலே பிடிபடும். கொம்பையும் அலங்காரத்தையும் அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். தாராசுரத்துப் படி யாளிகளை நீ வரைந்த பழைய நோட்டுப் புத்தகம் இங்கே பீரோவில் இருக்கிறது. வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

வெளிச்சம் வாயிலிருந்து வருகிறது என்றால் எதில் விழும்? உள் உதடு, பற்களின் உட்பக்கம், மூக்கின் அடிப்பகுதி, தாடை, மார்பு, அடுத்த இரண்டு படி. நெற்றியும் முதுகும் இருட்டில் இருக்கவேண்டும். நீ நெற்றியில் வெளிச்சம் வைத்திருக்கிறாய், அது நிலா வெளிச்சம். களிமண்ணில் ஒரு தலை பிடித்து, வாய்க்குக் கீழே போன் டார்ச்சை வைத்துப் பார். இன்னொன்று, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். முதல் படி பளிச்சென்று, இரண்டாவது மங்கலாக, நான்காவதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எல்லாப் படியிலும் ஒரே மஞ்சளைப் பூசினால் அது பெயின்ட் அடித்த படியாகத்தான் தெரியும்.

தாள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. நல்ல தாள் வாங்கிக்கொள் என்று சொல்லித்தானே அனுப்பினேன்? படத்தில் தாள் மேடு பள்ளமாக நெளிந்திருப்பதும், துடைத்த இடத்தில் நார் எழும்பியிருப்பதும் தெரிகிறது. அது மரக்கூழ்த் தாள். முழுப் பருத்தித் தாள் வாங்கு, 300 ஜிஎஸ்எம் கனம், கோல்ட் பிரஸ், அதாவது லேசான சொரசொரப்பு உள்ளது. 22க்கு 30 அங்குல முழுத் தாளை நாலாக வெட்டினால் 11க்கு 15, உனக்கு அது போதும். காசு குறைவாக இருந்தால் வண்ணத்தில் குறைத்துக்கொள், தாளில் குறைக்காதே. காசு குறைவாக இருந்தால் சொல்லவும் செய். 300 ஜிஎஸ்எம்மாக இருந்தாலும் முழு வாஷ், அதாவது தாள் முழுக்க நீர்த்த வண்ணம், போட்டால் நெளியும். சில நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, போர்டில் விரித்து, நாலு ஓரமும் பசைத்தாள் ஒட்டிக் காயவை. தண்ணீர் விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவள். கிளாஸ்கோ குழாய்த் தண்ணீர் கேட்ரின் ஏரியிலிருந்து வரும் மென்மையான தண்ணீர். இங்கே போர் தண்ணீரில் நீலம் திரிந்து நிற்கும்.

வரைந்ததை டிரேசிங் தாள் வழியாக மாற்று. நல்ல தாளின் மேல் போட்டு அழித்துப் போட்டு அழித்தால் மேலே பூசியிருக்கும் ஜெலட்டின் போய், வண்ணம் அந்த இடத்தில் கறையாக இறங்கும். எச்பி பென்சில், லேசான கை. 4எச் பென்சில் தாளில் பள்ளம் தோண்டும், 6பி வாஷில் கரைந்து அழுக்காகும்.

உருண்டைக்கும் பிடரியின் ஓர மயிருக்கும் மாஸ்கிங் திரவம் பூசு, அந்த இடத்தில் வண்ணம் படாமல் மறைக்கும் ரப்பர் பால் அது. பிரஷ்ஷை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள், இல்லாவிட்டால் ரப்பர் பிடித்து பிரஷ் போய்விடும். தானாகக் காயட்டும். ஹேர் டிரையர் காட்டாதே, ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதே. சூட்டில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் சேர்த்து உரிக்கும். ஓரிரு நாளுக்குள் எடுத்துவிடு.

இப்போது உருண்டையைச் சுற்றி விழுந்த அந்தப் பச்சை வளையத்துக்கு வருகிறேன். நீ கிழிக்க நினைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே தேலோ நீலத்தை விட்டிருக்கிறாய், இரண்டும் கலந்து பச்சையாகிவிட்டது. துடைத்துப் பார்த்திருப்பாய், போயிருக்காது. தேலோ தாளைச் சாயமாகப் பிடிக்கிற நிறம், அப்படி எளிதில் விடாது. அல்ட்ராமரின் நீலம் என்றால் ஈர பிரஷ்ஷால் பாதியாவது எழுந்து வரும். இந்தப் படத்தில் தேலோவைத் தொடாதே.

இப்படிச் செய். உருண்டையைச் சுற்றி ஒரு கையளவு வட்டத்தைச் சுத்தத் தண்ணீரால் நனை. உருண்டையிலிருந்து அரை அங்குலத்துக்கு வெறும் தாளாகவே விட்டு, அதற்கு வெளியே நியூ கேம்போஜ் மஞ்சளை மிக நீர்க்க விடு. அது ஈரமாக இருக்கும்போதே வெளி விளிம்பில் குவினாக்ரிடோன் ரோஸ். இரண்டும் சேருமிடம் ஆரஞ்சாகும். அங்கேயே நிறுத்து. காயட்டும். முழுக்கக் காய்ந்த பிறகு, ரோஸின் வெளிப்பகுதியில் மட்டும் மறுபடி நனைத்து, தாளின் மூலைகளிலிருந்து அல்ட்ராமரினை உள்ளே கொண்டு வா. நீலம் ரோஸைத் தொடும் இடம் ஊதாவாகும். மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது, நடுவில் ரோஸ் நிற்கவேண்டும். வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால் மஞ்சளைக் கூட்டாதே. சுற்றியிருக்கும் இருட்டைக் கூட்டு.

அலிசரின் கிரிம்சன் சிவப்பு வைத்திருந்தால் இதற்கு வேண்டாம், வெயிலில் வெளுக்கும். ஆபரா ரோஸ் பளபளப்பாக இருக்கும், அதுவும் நிற்காது. இருட்டுக்கு டியூப் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் சேர்த்து, நீலம் கொஞ்சம் தூக்கலாக. ஈரத்தில் பார்ப்பதைவிடக் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். அதற்காக ஒரே முறையில் கெட்டியாக அப்பினால் செத்த நிறமாகிவிடும். மூன்று வாஷாகப் போடு, ஒவ்வொன்றும் காயட்டும்.

இடது பக்கம் காலிஃபிளவர் மாதிரி விரிந்திருக்கிறதே, அது ஏன் வந்தது தெரியுமா? கண்ணைத் தாளின் மட்டத்துக்கு இறக்கி ஜன்னல் பக்கமாகப் பார். முதலில் கண்ணாடியாக மின்னும், அப்போது வண்ணம் விட்டால் தானாகப் பரவும். பிறகு மினுக்கு மங்கும். அப்போது பிரஷ்ஷில் தாளைவிடக் குறைந்த ஈரம் இருந்தால் விளிம்பு மெத்தென்று வரும். ஒரு துளி தண்ணீர் கூடினாலும் அது நிறத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி அந்தப் பூவை உண்டாக்கும். பிறகு மினுக்கே இராது. ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்றிருக்கும். இதுதான் எல்லோரும் ஏமாறும் நேரம், தொடாதே. அறை வெப்பநிலைக்கு வந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். உங்கள் ஊர்க் குளிரில் இதற்கு நேரமாகும். எழுந்து போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. சாதம் வைத்துச் சாப்பிடுகிறாயா, அந்த ரொட்டியே தானா?

குளத்தின் மேல் பனிமூட்டம் வேண்டும் என்றால் ஒரு பழைய வழி இருக்கிறது. 1903இல் ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்ஸோவும் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்கள் வேலை செய்வதைப் பார்த்து வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் தனக்கென்று ஒரு வாஷ் முறையை உண்டாக்கிக்கொண்டார். வண்ணம் காய்ந்த பிறகு தாளை அப்படியே தண்ணீரில் முக்கி எடுப்பது. தளர்ந்த நிறம் மிதந்து போகும், பிடித்தது நிற்கும், விளிம்புகளெல்லாம் ஒரே மூச்சில் இளகும். மறுபடி வண்ணம், மறுபடி முக்கு. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அவரிடம் பயின்றவர்தான். நீ தாளைப் போர்டோடு சாய்த்துப் பிடித்து மெல்லத் தண்ணீர் விட்டாலும் போதும். பற்கள், கண் போன்ற நுணுக்கங்களுக்கு முன்பே இதைச் செய்துவிடவேண்டும். நல்ல தாளில் மட்டும்தான் செய்யவேண்டும். இப்போது இருக்கிற தாள் கரைந்துவிடும்.

பிறகு மாஸ்கிங்கை விரலால் மெல்ல உருட்டி எடு. கீழே விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், அப்படியே விட்டால் உருண்டை ஒட்டிவைத்த காகிதமாகத் தெரியும். கொஞ்சம் முரட்டு பிரஷ்ஷை நனைத்துப் பிழிந்து விளிம்பை மட்டும் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்று. படிக்கட்டுக் கல்லுக்கு உலர் பிரஷ், படுக்கவைத்து இழுத்தால் தாளின் மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும். கடைசியாக 1ஆம் எண் பிரஷ்ஷால் கண்ணும் பல்லும். அடியை மறைக்கும் வெள்ளை குவாஷ் வண்ணம் இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் வேண்டாம். எழுந்து பத்தடி தள்ளி நின்று பார். அங்கிருந்து வாயும் வெளிச்சமும் தெரிந்தால் படம் முடிந்தது, அதற்கு மேல் போடுவதெல்லாம் கெடுதல்தான்.

முழுக்கக் காய்ந்ததும் பசைத்தாளுக்கு உட்பக்கமாக வெட்டித் தாளை எடு. நெளிவு இருந்தால் பின்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் ஒரு ராத்திரி கனத்தின் கீழ் வை. பிரேம் போட்டால் நடுவில் அமிலமில்லாத மவுன்ட் அட்டை இருக்கட்டும், கண்ணாடி படத்தைத் தொட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதே.

இந்த முதல் படத்தைக் கிழிக்காதே. பச்சை வளையத்தை எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் முதுகின் வளைவு அதில் மிக நன்றாக வந்திருக்கிறது. அதன் மேல் டிரேசிங் தாளை வைத்து அந்த ஒரு கோட்டை மட்டும் எடுத்துக்கொள், மறுபடி அப்படி வருவது கஷ்டம். யாருக்கும் காட்டவேண்டாம் என்றால் எனக்கு மட்டும் அனுப்பு.

வைகாசியில் நடந்ததைப் பற்றி இந்த வீட்டில் யாரும் உன்னிடம் பேசமாட்டோம். அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அதற்காகப் போனை எடுக்காமல் இருக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா கூப்பிடுவாள், உனக்கு அப்போது காலை பத்தரை. எடு. பேச ஒன்றுமில்லை என்றால் எந்தத் தாள் அங்கே கிடைக்கிறது, என்ன விலை என்று சொல்லு, போதும். பணம் போட்டுவிடுகிறேன். ராத்திரி தூங்கு. பகலில் போடு.

அன்புடன்,
அப்பா