களைக்குத் தைலம் அடிக்கலாமா? வேளாண் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் களை மேலாண்மை ஆய்வு செய்யும் பெரியோர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளும் நிலக்கடலையும் வைக்கும் விவசாயி நான். கிராம்பு எண்ணெய், நீலகிரித் தைலம் போன்றவற்றைக் களைக்கொல்லியாக எங்கள் வயல்களிலேயே சோதித்துப் பாருங்கள். எந்தக் களைக்கு, எத்தனை இலை விட்டபோது, லிட்டருக்கு எத்தனை மில்லி, ஏக்கருக்கு என்ன செலவு என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படி ஆவதில்லை. அதனால் பாராகுவாட் என்ற ரசாயனக் களைக்கொல்லியை வாங்கி அடிக்கிறோம். உள்ளே போனால் முறிவு மருந்தே இல்லாத விஷம் அது. கேரளம் 2011லேயே தடை போட்டுவிட்டது. இன்னொரு களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. சரி, எங்களுக்கு மாற்று என்ன? கல்லுப்பு, வினிகர், சோப்புக் கரைசல் என்று வாட்ஸ்அப்பில் செய்முறைகள் சுற்றுகின்றன. களை கருகத்தான் செய்கிறது. ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறதே!

தைலத்துக்கு ஆய்வுப் பின்புலம் இருக்கிறது. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தினர் எலுமிச்சை வாசனை யூகலிப்டஸின் எண்ணெயைப் பார்த்தீனியத்தின் மீது சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். விதை முளைக்கவில்லை; வளர்ந்த செடி பச்சையம் குறைந்து, செல் சவ்வு கசிந்து வாடியது. மக்காச்சோள வயலில் அடிக்கும் மீசோட்ரையோன் என்ற களைக்கொல்லிகூட, பாட்டில் பிரஷ் மரத்தடியில் களை குறைவாக இருந்ததை 1977இல் கலிபோர்னியாவில் ஒருவர் கவனித்ததில் தொடங்கியதுதான்.

கிராம்பு எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, வரப்போரம் இளஞ்சாரணை மேல் நானும் தெளித்துப் பார்த்தேன். உச்சிவெயில் ஏறுவதற்குள் இலைகள் வெந்த கீரை மாதிரி துவண்டு, மறுநாள் பழுப்பாகிவிட்டன. கோரை மட்டும் நுனி கருகியதோடு சரி. கிழங்கிலிருந்து மறுபடி குருத்து விட்டது. சாரல் பட்ட மஞ்சள் இலையிலும் புள்ளி விழுந்தது. இந்த எண்ணெய் பட்ட இடத்தை மட்டும் எரிக்கும், வேருக்கு இறங்காது, பயிர் எது களை எது என்று பார்க்காது. ஆகவே வரிசைக்கு நடுவே மறைப்பு வைத்து அடித்தால் தேறுமா, கோரைக்கு எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அளவை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கிராம்பில் உள்ள யூஜினால், ஓமத்தில் உள்ள தைமால் என்ற வாசனைப் பொருட்கள் கொழுப்பு சிக்கு வாடை அடிக்காமல் காப்பவை. எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடும்போது கிளம்பி, கெடுதலைப் பரப்பும் நிலையில்லாத துகள்களான ஃப்ரீ ராடிக்கல்களுக்குத் தங்கள் ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து, கெடுதல் தொடராமல் நிறுத்துகின்றன. அதே யூஜினால் அளவு மிஞ்சி இலை மேல் விழுந்தால் சவ்வையே உடைத்துவிடுகிறது. 'சமையலில் போடுவதுதானே, எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் ஆகாது' என்று சொல்லிப் பாட்டில் விற்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. நீலகிரித் தைலத்தைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தேனீக்கும் மண்புழுவுக்கும் என்ன ஆகும் என்பதும் உங்கள் சோதனையில் வர வேண்டும்.

அப்புறம், மூலப்பொருள். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டு விலைக்கு அதை வயலில் தெளிக்க முடியாது. ஆனால் இலையிலும் யூஜினால் நிறைய உண்டு. இந்தோனேசியாவிலும் மடகாஸ்கரிலும் இலையையே காய்ச்சி வடிக்கிறார்கள். எங்கள் ஊரில் கிழங்கு வெட்டும் முன் அறுத்துப் போடும் மஞ்சள் தழையிலும் எண்ணெய் இருக்கிறது. அது களைக்கு ஆகாது என்று தெரிந்தாலும் நல்லதே, வீண் செலவு மிச்சம். ஆகாததையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் கிராம்பு, எலுமிச்சைப்புல் எண்ணெய்களுக்கு ஆபத்து குறைவு என்று 1996 முதல் பதிவு விலக்கு உண்டு. இங்கே களைக்கொல்லி என்று விற்க, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அதற்கான ஆய்வுத் தரவுகளை மலையில் அடுப்பெரித்துத் தைலம் காய்ச்சுபவரால் திரட்ட முடியாது. உங்களால் முடியும்.

வைகாசியில் மஞ்சள் நடுவோம். முதல் களை தலைகாட்டும் நேரத்தில் சோதனைக்கு வருவதாக இருந்தால், கோரை மண்டிய பாத்திகளையே ஒதுக்கித் தருகிறேன். தண்ணீரும் ஆள் உதவியும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்ட மஞ்சள் விவசாயி ஒருவர்