பங்கைப் பேசிவிட்டு மேடை ஏறட்டும்

ஐயா,

எங்கள் ஊர்த் திருவிழாக் குத்துச்சண்டையில் நான் பயிற்சி தரும் பையன் தோற்றான். புருவம் கிழிந்து, ரத்தம் துடைத்த துண்டோடு பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையில் பஸ் செலவுக்குக்கூடக் காணாத பணத்தைத் திணித்தார்கள். "தோத்தவனுக்கு இவ்வளவுதான்" என்றார்கள். முன்கூட்டி யாரும் எதுவும் பேசவில்லை.

1971-இல் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் ஆளுக்கு 25 லட்சம் டாலர் என்று பேசி முடித்த பிறகே மோதினார்கள். அலி தோற்றார், அதற்காகப் பணம் குறையவில்லை. 2015-இல் மேவெதரும் பக்கியாவும் மோதியபோது வசூலில் மேவெதருக்கு 60, பக்கியாவுக்கு 40 சதவீதம் என்பதும் முன்பே முடிவானதுதான். சரி, சமமாக இல்லையே என்று கேட்கலாம். கூட்டத்தை இழுப்பவர் கூடுதலாகக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்.

களத்துமேட்டில் நில உடைமையாளரும் குத்தகைதாரரும் விளைச்சலை வாரம் (பங்கு) பிரிக்கும் தகராறை நாம் பார்க்காததா? தஞ்சைக் குத்தகைதாரருக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்பதற்கே 1952-இல் சட்டம் வர வேண்டியிருந்தது.

விழாக் குழுவினர் அடுத்த முறை நோட்டீஸிலேயே வென்றவருக்கு எவ்வளவு, தோற்றவருக்கு எவ்வளவு, அப்புறம் தையல் போடும் செலவு யாருடையது என்பதை அச்சிட வேண்டுகிறேன்.

– குத்துச்சண்டைப் பயிற்சியாளர், மன்னார்குடி